உடைந்த ஸ்லாட்டும் செயலாளரின் வலது காதும்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் முதலில் ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். "ஒண்ணுமே பண்ணல சார், அதுவா போயிடுச்சு." திருச்சியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்த காலம் முழுவதும் எந்த மனிதரும் எந்தக் கம்ப்யூட்டரையும் கெடுத்ததே இல்லை. காபி தானாகவே கீபோர்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து தானே குதித்திருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் எல்லாம் வேறு அறையில் இருந்திருக்கிறார்கள்.

பழைய மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் உடைந்துபோனால் என்ன செய்வது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எப்படிச் சால்டர் வைப்பது என்பதை வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் வருகிறவர்களுக்கு என்னைப்போலக் கை நடுங்குவதில்லை. வீடியோக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பக்கத்தில் நான்கு பேர் நின்றுகொண்டு "போட்டுத்தான் பாருங்களேன்" என்று சொல்லும்போது என்ன செய்வது? அதற்கு என்னிடம் ஒரு நாளின் கதை இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

பாலக்கரைப் பக்கம் ஒரு அறக்கட்டளை, குழந்தைகளுக்கான செவித்திறன் பரிசோதனை மையம் ஒன்றை நடத்திவந்தது. பொறுப்பில் ஒரு கன்னியாஸ்திரி இருந்தார், எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பரிசோதனை செய்பவள் ரெஜினா, காது பரிசோதனைக்கென்றே படித்த பெண். இவர்கள் இருவருமே சத்தமில்லாமல் வேலை பார்க்கிறவர்கள். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தானோ என்னவோ, அறக்கட்டளைக்கு ஒரு செயலாளர் இருந்தார்.

அங்கே இருந்த பரிசோதனைக் கருவி ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இணைந்தது. குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒட்டிகளை ஒட்டி, இயர்போன் வழியாகக் காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி கொடுப்பார்கள். அந்த ஒலி மூளை வரை போய்ச் சேர்ந்தால் திரையில் அலை எழும். சேராவிட்டால் வெறும் கோடு. குழந்தை வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை, தூங்கினால் போதும். தூங்கித்தான் ஆக வேண்டும். புரண்டாலோ அழுதாலோ அலை எல்லாம் குழம்பிவிடும்.

இந்த வேலையைச் செய்கிற கார்டு, கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் ஒரு நீளமான கறுப்பு ஸ்லாட்டில் செருகியிருக்கும். அந்தக் கார்டைச் செய்த கம்பெனி அதை மறந்தே பல காலம் ஆகிவிட்டது. மாற்றுக் கார்டு கிடையாது. புதுக் கம்ப்யூட்டர்களில் அது பொருந்தவும் பொருந்தாது. அந்த மையம் இயங்கியதே அந்த ஒரு கார்டின் தயவில்தான்.

செயலாளருக்கு இது தெரியும். ஆனால் அவருக்கு வேறொரு குறை. இந்தக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருக இடமில்லையாம். அறக்கட்டளைக் கூட்டத்தில் அறிக்கைகளைப் பென் டிரைவில் வைத்துக் காட்ட முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய மனவருத்தம். அவருடைய மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வந்திருந்தவர், "இதெல்லாம் ஒரு மேட்டரா மாமா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நம் தொழிலில் பெரும்பாலான விபத்துகள் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன.

அன்று காலை ரெஜினா வருவதற்கு முன்பே மாமனாரும் மாப்பிள்ளையும் மையத்துக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார்கள். பென் டிரைவுக்கு வழி செய்ய மாப்பிள்ளை கொண்டுவந்தது வேறு வகைக் கார்டு. அந்தப் போர்டில் அதற்கு இடமே கிடையாது. ஆனால் இடம் இல்லை என்று ஒரு மதர்போர்டு சொன்னால் கேட்டுக்கொள்கிறவரா அவர்? செவிப் பரிசோதனைக் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அந்த ஸ்லாட்டில் தன் கார்டை வைத்து அழுத்தியிருக்கிறார். போகவில்லை. எழுந்து நின்று அழுத்தியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது என்று இருவருக்கும் சந்தோஷம். பின்பக்கத் தகடு பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்ததால் அதைக் குறடால் வளைத்துவிட்டிருக்கிறார். ஸ்விட்ச் போட்டார்கள். உள்ளே மின்விசிறி ஒரு முறை துள்ளிவிட்டு நின்றுபோனது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"பவர் சப்ளை வீக் மாமா" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை.

அப்போதுதான் ரெஜினா உள்ளே வந்தாள். மாப்பிள்ளை தன் கார்டைப் பிடுங்கி எடுத்துவிட்டு, பழைய கார்டைத் திரும்ப அதே ஸ்லாட்டில் வைக்கக் கையில் எடுத்திருந்தார். ஸ்லாட்டுக்குள் பிளாஸ்டிக் உடைந்து கிடந்ததை ரெஜினா பார்த்துவிட்டாள். அவள் விளக்கம் கேட்கவில்லை, விவாதம் செய்யவில்லை. "கொஞ்சம் குடுங்க சார்" என்று கார்டை வாங்கி, அதன் உறைக்குள் போட்டுத் தன் பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். அந்த நாளில் நடந்த நல்ல சர்வீஸ் வேலையில் பாதி அதுதான், நான் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நான் சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் நின்றிருந்தேன். போனில் ரெஜினா சுருக்கமாகச் சொன்னாள்.

"சார், ஸ்லாட் உடைஞ்சிருச்சு. கார்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஆனா பாப்பா தூங்கியாச்சு."

"எந்தப் பாப்பா?"

"பச்சைமலையிலேருந்து வந்திருக்காங்க சார். மெஷின் உடைஞ்சது தெரியாம டாக்டர் தூக்க மருந்து குடுத்துட்டாரு. இன்னிக்கு மறுபடியும் குடுக்கக் கூடாது. முழிக்கிறதுக்குள்ள டெஸ்ட் எடுக்கணும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் யோசித்ததெல்லாம் அந்த ஸ்லாட்டைப் பற்றி இல்லை. அங்கே நிற்கப்போகிற ஆட்களைப் பற்றித்தான்.

வாசலிலேயே சிஸ்டர் மற்றதைச் சொன்னார். குழந்தையின் பெயர் தர்ஷினி. அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்கும் திறன் எவ்வளவு இருக்கிறது என்று அறிக்கை இருந்தால்தான் மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு குழந்தையைப் பார்க்கும். அந்தக் குழு எப்போதாவது ஒரு முறைதான் கூடும். வேறு இடங்களில் பரிசோதனைக்கு வரிசை நீளம். குழந்தை பஸ்ஸில் தூங்கிவிடக் கூடாது என்று அம்மா லட்சுமி மலையிலிருந்து துறையூர் வழியாகத் திருச்சி வரை வேடிக்கை காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். இப்போது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. லட்சுமி பக்கத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் செயலாளர் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய ரகசியம் மத்தியப் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதற்குச் சற்றே குறைவு.

"வாங்க சார், வாங்க! ஒண்ணுமே பண்ணல, ஸ்லாட்டு தானா உடைஞ்சிருக்கு!"

கட்டிலில் குழந்தை லேசாக முனகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது அடங்கியதும் சிஸ்டர் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையாட்டினார். அடுத்த நொடி அவர் சட்டைப் பையில் இருந்த போன் பாடத் தொடங்கியது. சிஸ்டர் கையை நீட்டி, போனை வாங்கி, அணைத்து, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நான் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு டார்ச்சும் லென்ஸுமாகக் குனிந்தேன். ஸ்லாட்டுக்குள் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன உலோகக் கால்கள் நிற்கும். கார்டைச் செருகினால் அவைதான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கே நடுவில் இருந்த பிளாஸ்டிக் தடுப்பு நொறுங்கிப்போயிருந்தது. ஓர் ஓரத்தில் ஒரு கால் மடங்கிப் பக்கத்துக் காலின் மேல் சாய்ந்திருந்தது. கரண்ட் வருகிற காலும் எர்த் காலும். கம்ப்யூட்டர் துள்ளிவிட்டு நின்றதற்குக் காரணம் அதுதான். பவர் சப்ளை வீக் இல்லை. ஆபத்தைப் பார்த்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. அந்த அறையில் அன்று காலை புத்தியோடு நடந்துகொண்டவர்களில் ரெஜினாவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

"இந்த ஸ்லாட்ல இனிமே எதையும் போட வேண்டாம்" என்றேன். "பக்கத்து ஸ்லாட்டுக்கு மாத்திடலாம்."

பக்கத்து ஸ்லாட்டில் யாருமே பயன்படுத்தாத பழைய மோடம் கார்டு ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது. போனில் இணையம் பிடித்த காலத்து ஆள்.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. "அதான் சார், நானும் அதான் நெனச்சேன். மோடத்தைத் தூக்கிட்டு கார்டைப் போட்டு ஆன் பண்ணிடுவோம்."

இதற்குப் பெயர் பாதி சரியான யோசனை. முழுத் தப்பான யோசனையை யாராவது தடுத்துவிடுவார்கள். பாதி சரியான யோசனையைத்தான் எல்லோரும் கைதட்டி அனுப்பிவைப்பார்கள். இந்தப் பழைய போர்டுகளில் ஸ்லாட்டுகள் எல்லாம் ஒரே மின்தடத்தில் தொங்குபவை. ஒன்றில் கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்ததற்கும் அதே கதிதான். முதலில் அந்தக் கால்களைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகும் போர்டு பிழைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரெஜினாவின் பை திறக்க வேண்டும்.

"அவ்ளோ நேரம் இல்லையே சார்?" என்றார் செயலாளர், ரகசியமாக. தெருவில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நேரம் இல்லாததுனாலதான் சார் வரிசையாப் பண்றேன்."

ஒரு தையல் ஊசியும் இடுக்கியும் வைத்து மடங்கிய காலை மெதுவாகத் தூக்கினேன். முதலில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு வந்தது. கால் பாதி தூரம் எழுந்தது. பிறகு வேரோடு முறிந்து ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உடைச்சிட்டீங்களா!" என்றார் மாப்பிள்ளை. காலையிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உடைத்தவர் என்கிற பட்டத்தை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்துவிட்டது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்லாட்டை நாம் கைவிட்டாயிற்று. அதில் ஒரு கால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பக்கத்துக் காலைத் தொடாமல் இருந்தால் போதும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்டும் எர்த்தும் பிரிந்திருந்தன. நான் வந்த வேலை ஸ்லாட்டை அழகாக்குவது இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கிற குழந்தை விழிப்பதற்குள் ஒரு பரிசோதனை எடுக்க வழி செய்வது. இது இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துக் கெட்டுப்போன கெட்டிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லாட்டின் வாயை டேப் வைத்து மூடினேன். மோடம் கார்டு தன் இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மின் இணைப்பைக் கொடுத்தேன். விபத்து ஏதாவது நடப்பதாக இருந்தால் அது மோடத்துக்கு நடக்கட்டும். நல்ல கார்டைப் போடுவதற்கு முன் போனாலும் பரவாயில்லை என்கிற கார்டைத்தான் முன்னால் அனுப்ப வேண்டும். மின்விசிறி சுற்றியது. நிற்கவில்லை. திரையில் எழுத்து வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். மோடம் ஆரோக்கியமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு உபயோகப்பட்டிருந்தது.

"நேரா போட்டிருந்தா இந்நேரம் டெஸ்ட்டே முடிஞ்சிருக்கும்" என்றார் மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து.

கம்ப்யூட்டரை அணைத்து, மோடத்தை எடுத்துவிட்டு, ரெஜினாவிடம் கையை நீட்டினேன். அவள் கார்டைக் கொடுக்கும்போது என்னையும் ஒரு முறை சந்தேகமாகத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. கார்டு அழுத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. ஸ்விட்ச் போட்டதும் பரிசோதனைத் திரை வந்தது. சிஸ்டர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ரெஜினா ஒட்டிகளை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் போகக் கிளம்பினாள்.

"இரும்மா" என்றேன். "முதல்ல ஒரு பெரிய ஆள் தலையில பாத்துடுவோம்."

திரை வந்துவிட்டது என்பதற்கும் கருவி உண்மை சொல்கிறது என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. உடைந்த போர்டிலிருந்து எழுப்பிய கருவியை நேராகக் குழந்தையின் தலையில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் திரையைக் கவனிக்க வேண்டும். ரெஜினா கருவியை இயக்க வேண்டும். சிஸ்டர் குழந்தைப் பக்கம் போய் நின்றுகொண்டார். செயலாளர் பெருமையாகச் சொன்னார்: "மாப்ள, நீங்க படுங்க."

மாப்பிள்ளை ஒட்டிகளைப் பார்த்தார். அவற்றின் ஒயர்களைப் பார்த்தார். அந்த ஒயர்கள் போய்ச் சேருகிற பெட்டியைப் பார்த்தார்.

"ஷாக் அடிக்குமா சார்?"

காலையிலிருந்து 'போட்டுப் பாத்துடுவோம், என்ன ஆயிடப் போகுது' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி அதுதான். நல்ல கேள்வி. கார்டுக்காகவும் குழந்தைக்காகவும் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தலைக்குப் போகிற பகுதி தனி பேட்டரியில் ஓடுவது, ஷாக்குக்கு வழியில்லை என்று சொன்னேன். அவருக்குத் திடீரென்று பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

செயலாளர் ஒரு கணம் வாசலைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கு ஒட்டும்மா" என்று சொல்லி பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் இந்த ஒரு காட்சியை விடாமல் சொல்லிவிடுவேன்.

ரெஜினா இடது காதுக்கு ஒலி கொடுத்தாள். திரையில் அழகாக அலை எழுந்தது. ஒலியைக் குறைத்தாள். அப்போதும் எழுந்தது. வலது காதுக்கு மாற்றினாள். பெரிய ஒலிக்கு மட்டும் அலை வந்தது. குறைத்ததும் படுத்துவிட்டது.

வலது பக்கம் கருவியில் ஏதோ போயிருக்கிறது என்று நினைத்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. சிஸ்டர் எட்டிப் பார்த்து, குழந்தை கையைக் காலை அசைக்கத் தொடங்கியிருக்கிறது என்று சைகையில் காட்டினார்.

"இடது காது நல்லாத்தானே வருது சார்? பாப்பாவுக்கு ரெண்டு காதையும் இடது பக்க இயர்போன்லயே எடுத்துடலாமா?" என்றாள் ரெஜினா மெதுவாக. முடியும்தான். ஆனால் எதனால் இப்படி என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை மட்டும் எப்படி நம்புவது?

"ரெண்டு இயர்போனையும் இடம் மாத்திப் போடும்மா" என்றேன்.

மாற்றினாள். கோளாறு கருவியில் இருந்தால் இப்போது செயலாளரின் இடது காது மந்தமாக வேண்டும். ஆகவில்லை. இடது காது முன்போலவே நன்றாகக் கேட்டது. வலது காது முன்போலவே படுத்திருந்தது. கோளாறு இயர்போனோடு போகவில்லை. ஆளோடுதான் இருந்தது.

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா, மெஷின் ஓகேவா?"

"மெஷின் நல்லா இருக்கு சார். உங்க வலது காதுதான் கொஞ்சம் மந்தமா இருக்கு. அப்புறம் வந்து ஒரு முழு டெஸ்ட் எடுத்துக்கங்க."

"எனக்கா? எனக்கு நல்லா கேக்குதேம்மா!" என்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்குமே நன்றாகக் கேட்டது. பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதன்பின் அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெஜினா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனாள். ஒட்டிகளை அவள் ஒட்டியபோது தர்ஷினி ஒரு முறை நெளிந்தாள். லட்சுமி அவள் வயிற்றில் கையை வைத்ததும் மறுபடியும் ஆழ்ந்துவிட்டாள். நான் இந்தப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்ன ஒலி. கோடு. இன்னும் கொஞ்சம் பெரிய ஒலி. கோடு. ரெஜினா கூட்டிக்கொண்டே போனாள். கருவி கொடுக்கக்கூடிய பெரிய ஒலிக்கும் கோடு கோடாகவே கிடந்தது. அடுத்த காதும் அப்படியே. அவள் ஒட்டிகளைச் சரிபார்த்து இரண்டாவது முறை எடுத்தாள். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ரிப்பேர் சொதப்பியிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

அறிக்கையை அச்சிட்டு முடிப்பதற்குள் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. லட்சுமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். முடிவை ரெஜினா பொறுமையாகச் சொன்னாள். இரண்டு காதிலும் கேட்கவில்லை என்றாலும், இந்த வயதில் தெரிந்ததால் வழி இருக்கிறது, நாளைக்கே டாக்டர்கள் பார்ப்பார்கள் என்றும் சொன்னாள். லட்சுமி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு ரெஜினாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கையில் ஊசியும் இடுக்கியுமாக நின்றிருந்தவன் நான்தானே.

"சார், காலையில மெஷின் உடைஞ்சிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. ஒரு வேளை மெஷின் கோளாறுனால பாப்பாவுக்கு இப்படிக் காட்டுதோ?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். வேறு அறையில், வேறு கருவிக்கு முன்னால், வேறு யாரோ கேட்பார்கள். வாரண்டி, ஸ்பேர், மாடல் நம்பர் எதுவும் அப்போது கைகொடுக்காது. 'அப்படியும் இருக்கலாம்மா' என்று சொன்னால் அந்தப் பெண் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், டாக்டர்கள் குழுவைத் தவறவிடுவாள். 'இல்லை' என்று சொல்ல வேண்டுமானால் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நினைப்பு போதாது.

"இல்லம்மா" என்றேன். "உங்க பாப்பாவுக்கு முன்னாடி இன்னொருத்தருக்கு வெச்சுப் பாத்துட்டோம். மாத்தி மாத்திப் பாத்தோம். மெஷின் சரியாத்தான் சொல்லுது."

அவள் அழவில்லை. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு சிஸ்டரிடம் கேட்டாள்: "அப்ப நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும் சிஸ்டர்? ராத்திரி தங்க இங்க எடம் இருக்குங்களா?"

இடம் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டர்கள் பார்த்து, பிறகு காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் நடந்தது. பல மாதங்கள் கழித்து ரெஜினா போனில் சொன்னாள்: கேட்கப் பழக்கும் பயிற்சி அறையில் யாரோ கதவை அறைந்து சாத்தியதும் தர்ஷினி திடுக்கிட்டு, வீறிட்டு அழுதாளாம். அவளைச் சமாதானப்படுத்தாமல் லட்சுமி ஓடிப்போய் அந்தக் கதவை இன்னொரு முறை அறைந்து சாத்தினாளாம்.